அந்த 70 விநாடிக்கு முன்னால்

ஆத்தூரில் டிரோன் என்றால் கல்யாண வீடியோ, இல்லாவிட்டால் மக்காச்சோளத்துக்கு மருந்தடிப்பது. கடலைப் பார்க்கணும்னா கடலூர் பக்கம் போகணும். இங்கே உட்கார்ந்துகொண்டு கடல் மீட்பு டிரோன் பற்றி எழுதக் காரணம் ஒரு வீடியோ.

2018 ஜனவரி 18, ஆஸ்திரேலியாவின் லெனாக்ஸ் ஹெட் கடற்கரை. கரையிலிருந்து சுமார் 700 மீட்டர் தள்ளி இரண்டு பையன்கள் பெரிய அலையில் மாட்டிக்கொண்டார்கள். 'லிட்டில் ரிப்பர்' டிரோன் பறந்துபோய் மிதவையைப் போட்டது. அதைப் பிடித்தபடி கரை சேர்ந்தார்கள். 70 விநாடியில் மீட்பு என்று உலகம் முழுக்கச் செய்தி.

சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் யாராவது ரெஸ்பான்ஸ் டைம் சொன்னால், கடிகாரத்தை எங்கிருந்து ஓட்டினீர்கள் என்றுதான் எங்கள் தொழிலில் முதலில் கேட்போம். அன்றைக்கு உயிர்காப்பாளர்கள் அந்த டிரோனைப் பழகிக்கொண்டிருந்தார்கள். எந்திரமும் ஆளும் தயார். பையன்கள் தத்தளிப்பதை முதலில் கவனித்ததும் காமிரா இல்லை, கரையில் நின்ற ஒருவர். 70 விநாடி என்பது அதற்கப்புறம் ஓடிய கணக்கு.

இப்போது சென்னைக்கு வருவோம். 2023 ஜூனில் மாநகரக் காவல்துறை அடையாறில் டிரோன் பிரிவு தொடங்கியது. 9 டிரோன்கள், செலவு சுமார் 3.6 கோடி ரூபாய். அதில் ஒன்று கடலில் தத்தளிப்பவருக்கு மிதவை கொண்டுபோகக்கூடிய பெரிய டிரோன். அடையாறிலிருந்து மெரினா கலங்கரை விளக்கம் நேர்கோட்டிலேயே 4 கி.மீ.க்கு மேல். விநாடிக்கு 15 மீட்டர் வேகம் என்று வைத்தாலும் நாலரை நிமிஷம். மூழ்குகிறவர் ஒரு நிமிஷம் தாக்குப்பிடிப்பதே பெரிய விஷயம். டிரோன் மணலிலேயே காத்திருந்தால் ஒழிய பிரயோஜனம் இல்லை.

என்னைக் கேட்டால், மிதவை போடுவது டிரோனின் இரண்டாவது வேலைதான். முதல் வேலை மேலிருந்து பார்ப்பது. கரையில் மோதிய தண்ணீர் ஒரு குறுகலான பாதை வழியாகக் கடலுக்குத் திரும்பி ஓடும். அந்த இடத்தில் அலை சரியாக உடையாது, நுரை குறைவு. தரையில் நிற்பவருக்கு அதுதான் அமைதியான இடமாகத் தெரியும், குழந்தையோடு நேரே அங்கேயே இறங்குவார். மேலிருந்து பார்த்தால் வெள்ளை நுரைக்கு நடுவே கருப்பாக ஒரு சந்து. பெரும்பாலும் பார்த்த மாத்திரத்தில் பிடிபடும். காலையில் ஒருமுறை பறக்கவிட்டு, அந்த இடத்தில் சிவப்புக் கொடி நட்டு, படத்தைக் கரையில் ஒரு திரையில் காட்டினால் போதும். இதற்குக் கோடிகள் வேண்டாம். கல்யாண வீடியோ டிரோனே செய்யும்.

2024 மே 6-ல் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். கள்ளக்கடல் வரும் என்று ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் முன்பே எச்சரித்திருந்தது. எங்கோ தூரத்துக் கடலில் கிளம்பி, உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் வந்து மோதுகிற அலை அது. தகவல் இருந்தது. கரைக்கு வந்து சேரவில்லை.

கரை அரிப்பிலும் இதே கதைதான். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை செயற்கைக்கோள் படங்களை வைத்து, தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 43 சதவீதம் அரிக்கப்படுவதாகச் சொன்னது. ஒவ்வொரு மீனவக் குப்பத்துக்கும் மாதம் ஒரு டிரோன் படம் இருந்தால் அவர்களே அளந்து பார்க்கலாம்.

காணும் பொங்கலன்று மெரினா மேல் டிரோன் பறக்கத்தான் செய்கிறது, கூட்டத்தைப் பார்க்க. காமிராவைக் கொஞ்சம் கிழக்கே திருப்பச் சொல்லணும்.