ஊர் அழியினும் வளரும் தெய்வம்: ‘தியா: தி அவேக்கனிங்’ கணினி விளையாட்டில் மறு ஆட்டமும் காவல் தெய்வ மாற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

போலந்து நாட்டின் மூஹா கேம்ஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ‘தியா: தி அவேக்கனிங்’, ஸ்லாவியத் தொன்மங்களைப் பின்புலமாகக் கொண்ட உயிர்பிழைப்பு உத்தி விளையாட்டாகும். ஒருமுறை ஆடி முடித்தவர் வேறொரு காவல் தெய்வத்தைத் தேர்ந்து மீண்டும் ஆடும்போது பனுவலில் எவை மாறுகின்றன, எவை நிலைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தெய்வ மாற்றத்தால் நிகழ்வுகளின் சொற்கள் அதிகம் மாறுவதில்லை. அவற்றை வாசிப்பவரின் நிலை பெரிதும் மாறுகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டு, மறு ஆட்டம், ஸ்லாவியத் தொன்மம், காவல் தெய்வம், எர்கோடிக் பனுவல்

முன்னுரை

உத்தி விளையாட்டுகள் பெரும்பாலும் விரிவாக்கத்தை இலக்காகக் கொண்டவை. ஓர் ஊர் பல ஊர்களாகும். பல ஊர்கள் பேரரசாகும். ‘தியா’ இவ்வழக்கை முற்றாகத் துறக்கிறது. இதில் ஆட்டம் முழுமைக்கும் ஒரே ஊர்தான். இருள் சூழ்ந்து உலகம் சிதைந்த பின்னர் எஞ்சிய சிலர் அங்கு வாழ்கின்றனர். உணவும் விறகும் குறைந்தால் அவர்கள் வாடுவர். காட்டிற்குச் சென்ற குழு திரும்பாமலும் போகலாம். விளையாடுபவர் அவர்களுடைய தலைவரும் அல்லர், அரசரும் அல்லர். ஆற்றல் குன்றிய ஒரு தெய்வமாக நின்று அவர்களை வழிநடத்துகிறார். எந்தத் தெய்வம் என்பதை ஆட்டத்தின் தொடக்கத்தில் தேர்ந்துகொள்கிறார். எல்லாத் தெய்வங்களும் முதலிலேயே கிடைப்பதில்லை. ஆடி ஈட்டிய மதிப்பெண்களைக் கொண்டே ஏனையவை திறக்கின்றன. ஆகவே மறு ஆட்டம் என்பது இங்கு விருப்பம் சார்ந்த இணைப்பாக இல்லாமல், ஆக்கத்தின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது.

மாறுவனவும் மாறாதனவும்

எஸ்பென் ஆர்செத் தமது ‘சைபர்டெக்ஸ்ட்’ (1997) நூலில், பனுவலுக்குள் சேமிக்கப்பட்டிருக்கும் சொற்றொடர்களையும் வாசகர் கண்முன் தோன்றும் சொற்றொடர்களையும் வேறுபடுத்துகிறார். இவ்வேறுபாடு ‘தியா’வை ஆராயப் பெரிதும் உதவுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் நிலப்படம் புதிதாக உருவாகிறது. ஆனால் நிகழ்வுகளின் கிடங்கு ஒன்றே. முதல் ஆட்டத்தில் எதிர்ப்பட்ட ருசால்காவும் ஸ்ட்ரிகாவும் இரண்டாம் ஆட்டத்திலும் அதே சொற்களோடு எதிர்ப்படலாம். தெய்வம் மாறியதால் அவற்றின் உரைநடை பெரும்பாலும் மாறிவிடுவதில்லை.

மாறுவது ஊரின் பொருள்நிலை. கொல்லுத் தொழிலின் தெய்வமான ஸ்வரோக்கைத் தேர்ந்தவரின் ஆட்டம் கைவினைப் பக்கம் சாய்கிறது. மோகோஷைத் தேர்ந்தவருக்குச் சேகரிப்பு கைகொடுக்கிறது. இது வெறும் எண் வேறுபாடு என்று ஒதுக்கத் தோன்றும். விமர்சகர் பலரும் இத்தகைய கூறுகளை அவ்வாறே ஒதுக்குவது வழக்கம். ஆனால் ஓர் எளிய நிகழ்வை எண்ணிப் பார்க்கலாம். ஊர் வாயிலுக்கு அந்நியர் வந்து இடம் கேட்கின்றனர். கிடங்கில் உணவு நிறைந்திருப்பின் அவர்களை ஏற்பது வருங்காலத்திற்கான முதலீடு. இரண்டு நாளுக்கே உணவு இருப்பின் அதே வாக்கியம் ஊரின் குழந்தைகளுக்கு எதிரான கோரிக்கையாக ஒலிக்கிறது. எழுத்து ஒன்றே, அறச்சிக்கல் வேறு. முதல் ஆட்டத்தில் சிந்தனையின்றிக் கடந்த தெரிவின்முன் இரண்டாம் ஆட்டத்தில் நெடுநேரம் தயங்கி நிற்க நேரிடுவது இதனாலேயே.

குழந்தைகளைப் பற்றிய விதி இதனை மேலும் கூர்மையாக்குகிறது. ஊரில் பிறக்கும் குழந்தை வளர்ந்ததும் அதன் தொழிலை விளையாடுபவரே தீர்மானிக்கிறார். ஸ்வரோக்கின் ஊரில் கைவினைஞராகியிருக்கக்கூடிய ஒருவர் மோகோஷின் ஊரில் சேகரிப்பாளராகிறார். தெய்வத்தின் இயல்பு மனிதரின் வாழ்க்கையாக உருமாறும் இடம் இது. இதனைச் சுட்ட விளையாட்டு ஒரு சொல்லைக்கூடச் செலவிடவில்லை என்பது பாராட்டத்தக்கது.

சீட்டாட்ட வடிவிலான மோதல்களைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. போர், வேட்டை, பேச்சு, நோய் ஆகிய அனைத்தும் ஒரே சீட்டாட்டமாகவே நிகழ்கின்றன. கணக்கில் கொள்ளப்படும் திறன்கள் மட்டுமே வேறு. பேசித் தீர்ப்பதும் வெட்டித் தீர்ப்பதும் திரையில் ஒன்றுபோலத் தோன்றும்போது, தெய்வங்களுக்கிடையிலான குணவேறுபாடு மங்கிவிடுகிறது. மறு ஆட்டத்தில் பலர் இப்பகுதியைத் தானியங்கித் தீர்வுக்கு விட்டுவிடுவதில் வியப்பில்லை.

பெயர்களின் சமமின்மை

தேர்வுத் திரையில் தெய்வங்கள் சமநிலையில் அணிவகுத்து நிற்கின்றன. வரலாற்றுச் சான்றுகளில் அவற்றின் நிலை அவ்வாறில்லை. 980இல் கியேவில் விளாதிமிர் நிறுவிய தெய்வ உருவங்களின் பட்டியலை ரஷ்ய முதன்மை வரலாற்றேடு தருகிறது. மோகோஷ் அதில் இடம்பெறும் ஒரே பெண் தெய்வம். ஸ்வரோக்கின் பெயர், இபாத்தியேவ் சுவடியில் 1114ஆம் ஆண்டின் கீழ், கிரேக்கக் கொல்லுத் தெய்வமான ஹெஃபைஸ்டோசுக்கு இணையாகச் சுட்டப்படுகிறது. எனவே ஸ்வரோக்கைக் கைவினையோடு இணைத்தது ஆக்குநர்களின் கற்பனை மட்டுமன்று. மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் குறிப்புவரை அதன் வேர் நீள்கிறது. லாடாவின் நிலையோ முற்றிலும் வேறு. 15ஆம் நூற்றாண்டுப் போலந்துத் திருச்சபைக் கண்டனங்களிலும் நாட்டார் பாடல்களின் பல்லவிகளிலும் அச்சொல் காணப்படுகிறது. அதைத் தெய்வப் பெயராகக் கொண்டது பல்லவியைப் பிழைபட உணர்ந்ததன் விளைவே என்று அலெக்சாண்டர் புரூக்னர் போன்ற அறிஞர் மறுத்தனர்.

இதனைக் குறையாகக் காட்டுவது நோக்கமன்று. புனைவுக்குச் சான்றேடுகளின் கட்டுப்பாடு தேவையில்லை. எனினும் லாடாவைக் காவல் தெய்வமாகக் கொண்டு ஆடுபவர், இருந்தாளா என்பதே ஐயத்திற்குரிய ஒரு தெய்வத்தின் மக்களைக் காக்கிறார். நம்புவோர் குறைந்ததால் ஆற்றலிழந்த தெய்வங்கள் என்னும் விளையாட்டின் கருவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேர்ந்திருக்க முடியாது. ஆக்குநர்கள் இதனை அறிந்தே செய்தனரா என்பதற்குப் பனுவலுக்குள் தடயமில்லை.

தெய்வத்தின் நினைவு

ஆட்டம் வெற்றியில் முடியினும் தோல்வியில் முடியினும் ஈட்டிய மதிப்பெண் தெய்வத்தைச் சேர்கிறது. தெய்வம் வளர்கிறது, புதிய ஆற்றல்களைப் பெறுகிறது. ஊரில் ஒருவரும் எஞ்சாதபோதும் இவ்விதி மாறுவதில்லை. விளையாடுபவரைத் தக்கவைத்துக்கொள்ளும் வணிக உத்தி இது என்று கூறலாம். இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் இதனையொத்த ஏற்பாடு உண்டு. அக்கூற்று சரியே, ஆயினும் போதாது. ஏனைய விளையாட்டுகளில் இவ்வளர்ச்சி கதைக்கு வெளியே நிற்கும் கணக்கு. இங்கு விளையாடுபவரே தெய்வமாதலால், அக்கணக்கு கதைக்குள் வந்துவிடுகிறது. பட்டினியாலும் கோரைப் பற்களாலும் மாண்டவர்களின் வாழ்நாள் தெய்வத்தின் வலிமையாக மாற்றப்பட்டிருக்கிறது.

இரண்டாம் ஆட்டத்தின் ஊர்மக்கள் இதை அறியார். முந்தைய ஊர் இருந்ததற்கான சுவடே அவர்களின் உலகில் இல்லை. தெய்வம் மட்டும் அறியும்: எந்தக் குகையில் என்ன உள்ளது, எந்த முதியவளை நம்பக்கூடாது, எந்தத் தெரிவு சாவில் முடியும் என்று. முதல் ஆட்டத்தில் விளையாடுபவர் தெய்வம் என்று அழைக்கப்படுகிறாரே தவிர, ஊர்மக்கள் அளவே அறியாமையில் இருக்கிறார். மறு ஆட்டத்தில்தான் அவருக்குத் தெய்வத்தின் முன்னறிவு வாய்க்கிறது. அம்முன்னறிவுக்கு விலையாக அழிந்த ஊர் வேறொரு தெய்வத்தை வணங்கிய ஊர் என்பதை, புதிய தெய்வத்தைத் தேர்ந்த கையே மறந்துவிடவும் கூடும். ஸ்வரோக்கின் ஊர் அழிந்து ஈட்டிய மதிப்பெண்ணால் திறந்த தெய்வத்தின் கீழ் அடுத்த ஊர் தொடங்குகிறது. அதன் முதல் நாளில் திரை கேட்பது அன்றைய உணவும் விறகும் எங்கிருந்து வரும் என்பதை மட்டுமே.