தணிக்கையாளர் காப்பாற்றிய கடிதங்கள்

முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்கள் இன்று படிக்கக் கிடைப்பதற்குக் காரணம், அவர்கள்மீது அரசு கொண்ட சந்தேகம். 1914இல் இந்தியப் படைகள் மார்சே துறைமுகத்தில் இறங்கின. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கதர் (Ghadar) கட்சியின் பிரசுரங்கள் சிப்பாய்களிடம் புகுந்துவிடுமோ என்று அஞ்சிய அரசு, எவலின் ஹோவெல் தலைமையில் அஞ்சல் தணிக்கை அலுவலகம் ஒன்றைப் பிரான்சின் பூலோன் நகரில் அமைத்தது. அங்கே ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்ட பகுதிகள் அறிக்கைகளோடு சேர்ந்து லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை ஊர் போய்ச் சேர்ந்து அழிந்துபோயின.

இந்தத் தொகுப்பிலிருந்து தேர்ந்து வரலாற்றாசிரியர் டேவிட் ஒமிஸ்ஸி 1999இல் வெளியிட்ட நூல்தான் இத்துறையில் பலருக்கும் நுழைவாயில். அதைப் படிப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. பெரும்பாலான சிப்பாய்களுக்கு எழுதத் தெரியாது. ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதினார். படைப்பிரிவு அதிகாரி பார்த்தார். தணிக்கையாளர் தமக்கு வேண்டியதை மட்டும் பெயர்த்து வைத்துக்கொண்டார். இத்தனை கை மாறி வந்ததைச் சிப்பாயின் நேர்க்குரல் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கண்காணிப்பு சிப்பாய்களுக்கும் தெரிந்தே இருந்தது. கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது, சிவப்பு மிளகாய் வந்துகொண்டிருக்கிறது என்று சிலர் ஊருக்கு எழுதினார்கள். கறுப்பு என்றால் இந்தியர், சிவப்பு என்றால் வெள்ளையர். சமையல் சங்கதிபோல் தோன்றும் வரிக்குள் உயிர்ச்சேதக் கணக்கு இருந்தது. இந்தச் சூட்சுமத்தைத் தணிக்கையாளரும் கண்டுபிடித்துவிட்டார். அப்படிக் கண்டு குறித்துவைத்ததால்தான் அது நமக்கும் தெரிகிறது.

லண்டனுக்கு வெளியிலும் சான்றுகள் உண்டு. பெர்லின் அருகே வ்யூன்ஸ்டார்ஃப் முகாமிலிருந்த இந்தியக் கைதிகளின் குரலை ஜெர்மானிய மொழியியலாளர்கள் இசைத்தட்டில் பதிந்தார்கள். 1916 டிசம்பரில் மால் சிங் என்பவர், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்று வாழ்ந்த ஒருவனின் கதை என்று தம் கதையையே சொல்லி, ஊர் திரும்பும் ஏக்கத்தைப் பதிந்திருக்கிறார். அந்தத் தட்டுகள் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளன. மெசபடோமியாவில் சிறைப்பட்ட வங்காளி சிசிர் பிரசாத் சர்பாதிகாரியோ நாட்குறிப்பைக் கிழித்துக் காலணிக்குள் ஒளித்துக் காத்தார். பின்னர் அதை நூலாக்கினார். ஆய்வாளர் சந்தனு தாஸ் 2018இல் எழுதிய நூல், கடிதம், ஒலிப்பதிவு, புகைப்படம், நினைவுநூல் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் படிக்கிறது. ஒற்றை ஆவணத்தை மட்டும் நம்பிவிடாத இந்த முறையே சரியானது.

இவற்றில் தமிழ்க் குரலைத் தேடினால் ஏமாற்றமே. மேற்குப் போர்முனைக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் பஞ்சாப், கர்வால், நேபாளம் உள்ளிட்ட வடபகுதிகளைச் சேர்ந்தவர்கள். நம் ஊர்கள் சிலவற்றில் நிற்கும் நினைவுக்கல், இங்கிருந்து பெரும்போருக்குப் போனவர் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு முடித்துக்கொள்கிறது. ஆகவே தாத்தாவின் படைச்சேவைப் புத்தகமோ, தணிக்கை முத்திரை குத்திய அஞ்சலட்டையோ பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படமெடுத்து, யார் யாருக்கு எழுதியது என்று குறித்து, ஆவணக்காப்பகம் ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.