மஞ்சள் மீற்றரும் ஓடாத இஞ்சினும்

முகத்துவாரத்தில் மாதிரிக் கோச்சி வைத்திருப்பவருக்கு முதல் எதிரி கடற்காற்று. ஜன்னல் கம்பியையே தின்னுகிற உப்பு, 16.5 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தை மட்டும் விட்டுவைக்குமா? இரும்பென்றால் துரு, பித்தளையென்றால் களிம்பு. நிக்கல் சில்வர் தண்டவாளம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பெயரில்தான் சில்வர், உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இஞ்சின் நின்றதும் பலர் மோட்டரைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு மின்சாரம் வந்துசேரும் வழியில்தான்.

அந்த வழியைத் துருவிப் பார்க்க டிடி-830 என்ற மஞ்சள் மல்டிமீற்றர் போதுமா என்பதுதான் கேள்வி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் வகை இது. ஒரே கம்பனியின் பொருளல்ல. பல தொழிற்சாலைகள் இதே இலக்கத்தை அச்சடிக்கின்றன. வாங்கும்போது முகப்பில், இணைப்பு இருந்தால் கத்தும் பசரின் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் அது இல்லை. இல்லாததை நான் வாங்கமாட்டேன்.

சோதனைக்கு எடுத்தது 12 வோல்ற்றில் ஓடும் பழைய ஓஓ அளவு இஞ்சின். மேசையின் ஒரு கரையில் பாய்கிறது, மறுகரையில் ஊர்கிறது. இஞ்சினைத் தூக்கிவிட்டு 20 வோல்ற்று அளவீட்டில் பார்த்தால் இரண்டு கரையிலும் முழு 12. கோளாறே இல்லை என்கிறது மீற்றர்! அதில் பொய் இல்லை. மீற்றரின் உள்தடை ஏறத்தாழ பத்து இலட்சம் ஓம். அது இழுக்கும் மின்சாரம் ஒரு பொருட்டே அல்ல, களிம்பேறிய இணைப்புக்கூட அதைக் கடத்திவிடும். இஞ்சின் ஓடும்போது கதை வேறு. 0.3 அம்பியர் இழுக்கும் இஞ்சினுக்கு முன்னால் 10 ஓம் தடையுள்ள இணைப்பு இருந்தால் அங்கேயே 3 வோல்ற்று தொலைந்துவிடும்.

ஆகவே இஞ்சினை ஓடவிட்டே அளக்கவேண்டும். 2000 மில்லிவோல்ற்று அளவீட்டில் வைத்து, ஒரே தண்டவாளத்தில், துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட்டின் இரு பக்கமும் முனைகளைத் தொடுங்கள். நல்ல இணைப்பில் எண் மிகச் சிறியதாக இருக்கும். திரையின் இடது ஓரத்தில் 1 மட்டும் தனியே நின்றால், அளவு மிஞ்சிவிட்டது, கள்ளன் அகப்பட்டான். இந்த ஒரு வேலைக்கே கொடுத்த காசு தகும். பிறகு அரத்தாளால் தேய்க்கவேண்டாம். கீறலில் அழுக்கு இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஐசோபுறொப்பில் அல்கஹோல் தொட்ட துணி போதும்.

அடுத்து இஞ்சினுக்குள். சில்லு விளிம்பிலிருந்து மோட்டர் முனைவரை பசர் கத்தவேண்டும். சில்லை மெல்லச் சுழற்றும்போது சத்தம் அறுந்தால், சில்லைத் தொடும் தகட்டில் அழுக்கு. ஆனால் இந்த மீற்றரின் பசர் கொஞ்சம் தாராள மனசுக்காரன்: சில பத்து ஓம் தடை இருந்தாலும் கத்தும். 200 ஓம் அளவீட்டிலும் ஒருமுறை சரிபாருங்கள். அதற்குமுன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளவேண்டும்.

பழைய திறந்த மோட்டரென்றால் கரிப் புருசுகளைக் கழற்றி, கொம்மியூட்டேற்றரின் மூன்று செப்புத் துண்டுகளையும் சோடி சோடியாக அளக்கலாம். மூன்றும் ஒத்திருந்தால் சுருள் நலம். ஒரு சோடி மட்டும் மற்றவற்றைவிட இருமடங்கு காட்டினால் ஒரு சுருள் அறுந்திருக்கிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து 1954 முதல் இலங்கை ரயில்வேக்கு வந்த எம்2 இஞ்சின்களின் மோட்டர்களிலும் இதே கரிப் புருசும் கொம்மியூட்டேற்றரும்தான், அளவுதான் வேறு. சின்ன இஞ்சின்களில் இன்னொரு வில்லனும் உண்டு: தொலைக்காட்சி இரைச்சலைத் தடுக்கப் பொருத்திய கொள்ளளவி. அது உள்ளே குறுக்குச்சுற்றானால் மோட்டர் அசையாது. ஒரு காலைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

மின்னோட்டம் அளக்கும்போதுதான் மீற்றர் காலை வாரும். 200 மில்லியம்பியர் அளவீட்டில் இஞ்சின் கிளம்பினால் உள்ளே பியூஸ் போகும். சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றவேண்டும். அந்தத் துளைக்குப் பெரும்பாலும் பியூஸே கிடையாது. அளந்த கையோடு வயரைப் பழைய இடத்துக்கு மாற்றாமல் தண்டவாளத்தைத் தொட்டால் நேரடிக் குறுக்குச்சுற்று. மீற்றரின் பற்றரி இறங்கினால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டத் தொடங்கும், அதையும் கவனியுங்கள். கொன்ட்றோலரின் 230 வோல்ற்றுப் பக்கத்துக்கு இதைக் கொண்டுபோகவே வேண்டாம். இந்த விலையில் உயிர்ப் பாதுகாப்பை நான் நம்பமாட்டேன்.

டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை வைத்திருப்பவர்களுக்கு இந்த மீற்றர் அப்படியே உதவாது. மாறுமின்னுக்கு 200, 750 வோல்ற்று அளவீடுகள்தான் உண்டு. அவையும் 50 ஹேர்ட்ஸ் வீட்டு மின்சாரத்துக்கானவை. டிசிசி சமிக்ஞை 5,000 முதல் 9,000 ஹேர்ட்ஸ் வரை துடிக்கும் சதுர அலை. நான்கு சிறு டயோட்டுகளால் பாலம் கட்டி, அதன் வெளியீட்டை நேர்மின் 20 வோல்ற்றில் அளந்து, டயோட்டுகள் விழுங்கிய ஒரு வோல்ற்றுச் சொச்சத்தைக் கூட்டிக்கொண்டால் வேலை நடக்கும்.