மூடியைக் கழற்றிய பிறகு

கழுத்துக் கதீட்டரோடு டயாலிசிஸுக்கு வருபவரிடம் முதலில் கண்ணில் படுவது நெஞ்சின்மேல் இருக்கும் வெள்ளைக் கட்டு. அது நனையாமல், பிரியாமல் இருந்துவிட்டால் வீட்டாருக்கும் நிம்மதி, நர்சுக்கும் நிம்மதி. தலைக்குக் குளிப்பதை நிறுத்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, அந்தக் கட்டைக் காப்பாற்ற நம் வீடுகள் படும் பாடு கொஞ்சமா? படத்தான் வேண்டும். ஆனால் கட்டுக்குக் காட்டும் அக்கறையில் பாதிகூடக் கதீட்டரின் வாய்க்குக் கிடைப்பதில்லை.

தோலில் குழாய் நுழையும் இடத்தைச் சுத்தம் செய்யும் முறை நன்றாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் தேய்த்து, தானாக உலர விடவேண்டும். ஊதியோ பஞ்சால் ஒற்றியோ காயவைத்தால் மருந்து போட்ட பலன் குறைந்துவிடும். நர்ஸ் மட்டுமின்றி நோயாளியும் மாஸ்க் போட வேண்டும். ரத்தத்தில் தொற்றை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் பலருடைய மூக்கிலேயே குடியிருக்கிறது. மூக்குக்கும் குழாய்க்கும் இடையே ஒரு சாண் தூரம்தான்.

கோளாறு கதீட்டரின் இரண்டு வாய்களிலும் உள்ள சிவப்பு, நீல மூடிகளில் தொடங்குகிறது. மூடியைக் கழற்றியதும் திறந்த வாயின் விளிம்பையும் மரையையும் கிருமிநாசினிப் பஞ்சால் 10 முதல் 15 விநாடி அழுத்தித் தேய்க்க வேண்டும், வாய்க்கு ஒரு புதுப் பஞ்சு. மாட்டும்போது இரண்டு, கழற்றும்போது இரண்டு. கூட்டினால் 4 மணி நேர டயாலிசிஸில் 1 நிமிடம். குழாயின் மறுமுனையோ இதயத்தின் வலது மேலறையருகே கிடக்கிறது. அத்தைக்குத் துணையிருந்த நாட்களில் மனதுக்குள் எண்ணியிருக்கிறேன்: ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குள் டியூப் மாட்டியாகிவிடும். ஒரே பஞ்சு இரண்டு வாய்க்கும் போனதும் உண்டு. அந்த டெக்னீசியன் பெண்ணைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. நான்கு மெஷினுக்கு அவர் ஒருவர். வாசலில் அடுத்த ஷிப்ட் ஆட்கள். இத்தனை மலிவான, இத்தனை பயனுள்ள ஒரு வழக்கத்தை ஓர் ஆளின் அவசரத்தை நம்பி விட்டிருப்பதுதான் இதிலுள்ள பெரிய ஓட்டை.

துடைப்பது வெளியிலிருந்து வரும் கிருமியைத் தடுக்கும். உள்சுவரில் பாசிபோல் படிந்துவிட்டதை அது எட்டாது. நன்றாகப் பராமரித்த கதீட்டர் ஒரு மயக்கத்தையும் தருகிறது. "நல்லாத்தானே ஓடுது, கையை எதுக்கு அறுக்கணும்?" என்றே அத்தை, கையின் தமனியையும் சிரையையும் இணைக்கும் பிஸ்டுலாவைத் தள்ளிப்போட்டார். 1966இல் பிரேசியாவும் சிமினோவும் உலகுக்குச் சொன்ன அந்த முறையில் நோயாளியின் சொந்த ரத்தக்குழாய்களே வேலை செய்கின்றன. தொற்று பிடிக்க உடலில் பிளாஸ்டிக் எதுவும் கிடப்பதில்லை. பிஸ்டுலா முதிர ஆறு வாரமாவது ஆகும். அதனால் கதீட்டர் சுத்தத்தைக் கற்றுத்தருகிறவர்கள், கதீட்டர் போட்ட வாரத்திலேயே பிஸ்டுலாவுக்கு நாள் குறிக்கவும் சொல்லித்தர வேண்டும்.

துணைக்குப் போகிறவர்களே, நோயாளிக்கும் மாஸ்க் கேட்டு வாங்குங்கள். மூடி கழன்றதும் 15 வரை எண்ணுங்கள். குறைந்தால் தயங்காமல், தன்மையாகச் சொல்லுங்கள். மெஷின் ஓடும்போது குளிர்நடுக்கம் வந்தால் பாரசிட்டமால் மாத்திரையோடு வீடு திரும்பிவிடாதீர்கள். ஆன்டிபயாடிக் ஊசி போடும் முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள்.