பிள்ளைகள் எடுத்த படமும் பிறர் சொன்ன கதையும்

அரசு ஊழியரை அச்சுறுத்த நம்மிடையே ஒரு வழக்கு உண்டு: தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்பது. அந்தக் காடு இராமநாதபுரமாக இருக்கும், இல்லையேல் நம் புதுக்கோட்டைச் சீமையாக இருக்கும். இலுப்பூரில் பிறந்தவர்க்கு இது புதிதன்று. கேட்டுச் சிரித்துவிட்டுப் போகப் பழகிவிட்டோம். ஆனால் பிறந்த மண்ணின் பெயரே வசையாகிவிட்டால் அங்கு வளரும் பிள்ளை தன்னை எவ்விதம் காணும்? கொல்கத்தாவின் சோனாகாச்சியைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை மீண்டும் பார்த்தபோது இக்கேள்வியே என்னைத் தொடர்ந்து வந்தது.

‘பார்ன் இன்ட்டு பிராத்தல்ஸ்’ என்னும் அப்படம் 2004இல் வெளிவந்து, 2005இல் ஆஸ்கர் விருது பெற்றது. சானா பிரிஸ்கியும் ராஸ் காஃப்மனும் இயக்கியது. பாலியல் தொழில் நடக்கும் தெருவில் பெண்களைப் படம்பிடிக்கச் சென்ற பிரிஸ்கி, அங்குள்ள பிள்ளைகளின் ஆர்வத்தைக் கண்டு அவர்கள் கையில் கேமராவைக் கொடுத்து ஒரு வகுப்பே தொடங்கிவிடுகிறார். மாணவர் எண்மர்.

அப்பிள்ளைகள் எடுத்த நிழற்படங்களே இதன் உயிர். மொட்டைமாடியும் குறுகிய சந்தும், கடற்கரைக்குச் சென்ற நாளின் குதூகலமும் அவற்றில் துள்ளுகின்றன. ஒரு சிறுவன் தன் முன்னிருக்கும் நிழற்படத்தைப் பற்றிப் பேசுகையில், துயரம் இருந்தாலும் உண்மையாதலால் அதை நாம் பார்த்தே ஆகவேண்டும் என்னும் கருத்துப்படச் சொல்கிறான். தேர்ந்த விமரிசகனின் சொல் அது.

பிள்ளைகளின் சட்டத்துக்குள் அத்தெருவுக்கு முகங்கள் உண்டு. அவற்றைச் சூழ்ந்து நிற்கும் பெரிய படத்துக்கோ அது தப்பியோட வேண்டிய இடம் மட்டுமே. அன்னையர் பெரும்பாலும் ஏசுகிறார்கள், சண்டையிடுகிறார்கள். அப்பகுதிப் பெண்கள் 1995இல் தொடங்கிய துர்பார் மகிளா சமன்வய கமிட்டியும் அவர்களது கூட்டுறவுச் சங்கமும் படத்தில் இல்லை. அவ்வமைப்பு இப்படத்தைக் கண்டித்ததில் வியப்பென்ன? பிரிஸ்கியின் அன்பில் எனக்கு ஐயமில்லை. பள்ளியில் இடம் கேட்டு அவர் படியேறி இறங்குவதைக் காண நெஞ்சு இளகுகிறது. எனினும், கரையேற்ற வந்தவர் ஒருவரே என்று காட்டும்போது, நீந்திக்கொண்டிருப்பவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

நம் மாவட்டத்தைப் பற்றியும் வெளியூரார் ஒருவர் எழுதியிருக்கிறார். 1991இல் இங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்குவிக்க, எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள் நம் பெண்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வெளியான தம் நூலில் இதைப் பதிவு செய்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் சென்றார்களாம். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளையே வாங்கியவர் பலர். சிலர் அதையே விரும்பினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா! கல்குவாரியின் வறுமையை அந்த எழுத்து மூடி மறைக்கவில்லை. ஆனால் வண்டியை ஓட்டுகிறவர் பெண்தான், எழுத்தாளர் அல்லர்.

இன்று கேமரா நம் மாணவர் கைப்பேசியிலேயே இருக்கிறது. அவர்கள் ஊரைப் பற்றி எடுத்த குறும்படங்கள் சிலவற்றைக் கண்டேன். தொடக்கத்திலேயே பாளம் பாளமாய் வெடித்த கண்மாய், பின்னணியில் அழும் வயலின். வசைபாடியவன் சொன்னதையே நம் பிள்ளைகளும் அழகாகத் திருப்பிச் சொல்கிறார்கள்! இன்னும் சிலர், பழிக்குப் பதிலாகச் சித்தன்னவாசல் ஓவியத்தை நீட்டுகிறார்கள். பெருமைதான், ஆயினும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தாமரைக் குளத்தைக் காட்டினால் இன்று இங்கே வாழ்கிறவர் யாரென்று தெரிந்துவிடுமா? இருசாராரும் வெளியூரான் முகத்தைப் பார்த்தே படமெடுக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

1992இல் அந்தக் குறுக்குக் கம்பியில் அமர்ந்து சென்ற குழந்தைக்கு இப்போது முப்பது வயதுக்கு மேலாகியிருக்கும். இலுப்பூர்ப் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவரையும், அன்று வண்டி மிதித்த அவர் தாயையும் தேடிப்போன படம் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.