கடைமடைக்கு வராத தண்ணீர்

தஞ்சாவூர் ஜில்லாக்காரனான எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு. புது டைரக்டரின் முதல் படத்துக்கென்று மத்திய சர்க்கார் இந்திரா காந்தி பெயரில் அளித்துவந்த விருது, எங்கள் பக்கத்து நாவல்களை வைத்து எடுத்த படங்களுக்கு இரண்டு தரம் கிடைத்தது. 1983-க்கு, இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புன’லை ஒட்டி ஸ்ரீதர் ராஜன் எடுத்த ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’. 1994-க்கு, ஜானகிராமன் கதையான ‘மோகமுள்’.

‘மோகமுள்’ளில் பாபுவின் மனசுக்குள் நடப்பதைக் காமிரா எட்டவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் நெடுமுடி வேணு ரங்கண்ணாவாக வந்து உட்கார்ந்ததும் படத்துக்கு மூச்சு வந்துவிடுகிறது. மலையாளத்து மனிதர், கும்பகோணத்துப் பாகவதராகவே இருந்தார்! சேர்ந்து ரசிக்கலாமென்றால், நான் பார்த்த கொட்டகையில் ஆளைவிட நாற்காலிதான் அதிகம்.

மேட்டூரில் மதகு தூக்கிய சேதி பேப்பரில் வந்துவிடும். கடைமடை வயல் காய்ந்துகொண்டிருக்கும். விருதும் அப்படித்தான். டைரக்டர் ஞான ராஜசேகரன் ஐ.ஏ.எஸ். அதிகாரி, அடுத்த படமான ‘முகம்’ 1999-ல் வரும்வரை அவரால் காத்திருக்க முடிந்தது. உத்தியோகமில்லாத பையன் என்ன செய்வான்? இன்றைக்கு அவன் கைபேசியிலேயே படம் எடுத்துவிடுகிறான். காட்டத்தான் இடமில்லை.

திருவையாற்றில் ஆராதனைக்கு வருஷந்தோறும் பந்தல் போடுகிறோம். அதைப் பிரிக்குமுன் இரண்டு ராத்திரி ஒரு வெள்ளைத் துணி கட்டி, இந்தப் பையன்களைக் கூப்பிடக்கூடாதா? ரங்கண்ணாவையும் அங்கேயே இன்னொரு தரம் பார்த்துவிடலாம்.