சில்லுக்குள் ஒரு பொறுப்புணர்வு

கணினியில் தகவலைச் சேமிக்கும் எம்.2 வகை எஸ்எஸ்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் அளவு, 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதுபோல் சுழலும் தட்டு இல்லை, ஓடும் முள் இல்லை. மெல்லிய பலகையில் சில கறுப்புச் சில்லுகள், ஓரத்தில் பொன்னிறப் பற்கள். அவ்வளவுதான்.

அந்தச் சில்லுகளுக்குள் இருப்பது நான்ட் ஃபிளாஷ் நினைவகம். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகாவின் குழு 1987இல் இதை உலகுக்குக் காட்டியது. மின்கடத்தாப் படலம் சூழ்ந்த நுண்ணறையில் எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்தால், மின்சாரம் போன பிறகும் அவை அங்கேயே இருக்கும். அந்த இருப்புதான் தகவல்.

எனக்கு மிகவும் பிடித்தது, தன் தேய்மானத்தை எஸ்எஸ்டி சமாளிக்கும் விதம். அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் படலம் கொஞ்சம் நலிகிறது. அதனால் கட்டுப்பாட்டுச் சில்லு, வயலுக்கு முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல், எல்லா அறைகளுக்கும் வேலையைப் பங்கிடுகிறது. நாம் அதே கோப்பைத் திருத்திச் சேமித்தாலும், உள்ளே அது வேறோர் இடத்தில் போய் உட்காருகிறது.

சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகள் பலவற்றில் இன்னோர் அக்கறையும் உண்டு: பலகையில் வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்கள். மின்சாரம் திடீரென்று போனால், அவற்றில் தேங்கிய மின்னூட்டம் கையிலிருக்கும் தகவலை எழுதி முடிக்கும் வரை தாங்கும். ஒருவர் வங்கிக் கணக்கில் பணம் ஏறிய பதிவு பாதியில் நின்றுவிடக் கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. எஸ்எஸ்டியை வேகத்துக்காக எல்லோரும் புகழ்கிறார்கள்; நான் இந்தப் பொறுப்புக்காகவே மதிக்கிறேன்.